ஐந்து லோட் கிரவலும் ஒரு புகைக்கூடும்

வீடு கட்டுவதென்று ஒரு குடும்பம் முடிவெடுத்த அன்றே ஒரு பட்டியலும் பிறந்துவிடுகிறது. அறையோடு சேர்ந்த குளியலறை, நிலத்துக்கு ரைல்ஸ், முன்பக்கம் தூண் வைத்த போட்டிக்கோ, தேக்கங்கதவு, கூரைக்குக் கீழே சிலிங். யாழ்ப்பாணத்தில் கலியாண வீட்டுக்குப் போனபோது பார்த்த வீடும், கனடாவிலிருந்து உறவினர் கைபேசியில் அனுப்பிய வீடும், தொலைக்காட்சி நாடகத்தில் வரும் வீடும் அந்தப் பட்டியலில் ஆளுக்கொரு வரி எழுதிவிட்டுப் போகின்றன. தரை எத்தனை அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்ற வரியை மட்டும் யாரும் எழுதுவதில்லை. கூரை சுவரோடு எதனால் கட்டப்பட்டிருக்கிறது, மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையே எத்தனை அடி, குசினிப் புகை எந்த வழியாக வெளியேறும் என்பவையும் அதில் இல்லை. இவை மேசனின் விடயங்கள் என்று விட்டுவிடுகிறோம். மேசனோ வீட்டுக்காரர் கேட்காததைத் தானாகச் செய்து செலவை ஏற்றினான் என்ற பெயர் தனக்கு எதற்கு என்று பேசாமல் இருந்துவிடுகிறார். வீட்டுக்குக் கட்டாயம் வேண்டியவை எவை என்ற கேள்விக்கு ஊருக்கு ஊர் பதில் வேறு. கொழும்பில் ஒரு தொடர்மாடி வீட்டை வாங்குபவர் கேட்க வேண்டிய கேள்விகளை நாயாற்றில் கட்டுபவர் கேட்டுப் பயனில்லை. நாயாற்றை முன்வைத்து இந்தக் கேள்வியை ஆராய்ந்தால், வன்னிக் கரையோரம் முழுவதற்கும் பொருந்தும் ஒரு கணக்கு கிடைக்கும்.

முல்லைத்தீவு நகருக்குத் தெற்கே அளம்பில், செம்மலை தாண்டினால் நாயாறு. ஒரு பக்கம் வங்கக் கடல், மறுபக்கம் களப்பு, நடுவே மணல். கோடையில் களப்பின் முகத்துவாரத்தை மணல் திட்டு அடைத்துக் கிடக்கும். மாரியில் உள்நாட்டு வெள்ளம் வந்து அதை உடைத்துக்கொண்டு கடலில் விழும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மூன்று மாதங்களில் பெய்து முடிந்துவிடும். மிச்சக் காலத்தில் சோளகம் அடிக்கும். அந்தக் காற்றில் மணலும் சூடும் சேர்ந்தே வரும். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவு மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ மூவாயிரம் பேரைக் கொண்டுபோனது. அதன் பிறகு வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அரசு கோடு கிழித்தது; தெற்கிலும் மேற்கிலும் அது 100 மீற்றர். மறு ஆண்டே அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. கோடு தளர்ந்தாலும் கடலின் குணம் மாறவில்லை. 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மிதந்தன. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடைப்பட்ட கரையில்தான் தரையேறியது. வெள்ளம், காற்று, உப்பு, குடிநீர் என்ற நான்கும்தான் இங்கே வீட்டின் தரத்தைத் தீர்மானிக்கின்றன. ரைல்ஸின் நிறம் தீர்மானிப்பதில்லை.

இந்த மண்ணில் வீடு என்ற சொல்லுக்கு இன்னொரு கனமும் உண்டு. 1984 இல் இலங்கை அரசு பத்து லட்சம் வீட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அரசு கட்டிக் கொடுக்காமல், சிறு கடன் கொடுத்து, என்ன வேண்டும் என்பதைக் குடும்பமே தீர்மானித்துக் கட்டவிடும் திட்டம் அது. வீடமைப்பைப் பற்றிப் பேசுபவர்கள் உலகெங்கும் எடுத்துக்காட்டிய முயற்சி. அதே 1984 இன் டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, நாயாறு மக்கள் இருந்த வீட்டையும் விட்டு ஓடினார்கள். நாடு தன் வீட்டைத் தானே கட்டப் பழகிய காலத்தை இவர்கள் அடுத்தவர் வளவிலும் முகாமிலும் கழித்தார்கள். பலர் தங்கள் காணியை மறுபடி மிதித்தது 2009 இல் போர் முடிந்த பிறகுதான். ஒரு தலைமுறைக் காலம். அத்தனை காலம் கூடாரத்திலும் தறப்பாளுக்குக் கீழும் இருந்தவர்கள் கல்வீடு என்று கேட்டதும் பெரிதாகக் கட்ட ஆசைப்பட்டால் அதைப் பேராசை என்று சொல்ல எவருக்கும் வாய் வரக்கூடாது. இதைச் சொல்லிவிட்டுத்தான் மேற்கொண்டு கணக்குப் பேச முடியும்.

போருக்குப் பிந்திய மிகப் பெரிய வீட்டுத்திட்டம் இந்திய அரசினுடையது. நாடு முழுவதற்குமான 50,000 வீடுகளில் 46,000 வடக்கு கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபாய், ஏறத்தாழ 550 சதுர அடி, பணம் கட்டங்கட்டமாகக் குடும்பத்தின் கையில், கட்டுவது குடும்பத்தின் பொறுப்பு. திட்டத்தின் அடிப்படை நல்லது என்பதில் ஐயமில்லை. ஒப்பந்தக்காரர் கட்டி ஒப்படைத்த பல வீடுகளைவிட இவை உறுதியாக நிற்கின்றன. ஆனால் இந்தத் திட்டத்தை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியது கடன். ஒரேயடியாகப் பல்லாயிரம் வீடுகள் எழும்பத் தொடங்கியதும் மணலும் கல்லும் மேசன் கூலியும் ஏறின. அதோடு சேர்ந்தது நம்முடைய பட்டியல். கொடுத்த வரைபடத்தில் ஓர் அறையைக் கூட்டி, விறாந்தையை அகட்டி, அத்திவாரத்தைப் பெரிதாகப் போட்டவர்களுக்குக் கூரை மட்டத்துக்கு வரும்போது காசு முடிந்துவிட்டது. நகை அடகுக்குப் போனது. அதன் பிறகு வாரத்தவணைக் கடன் வீட்டுக்குள் வந்தது. முடிவில் கிடைத்தது பெரிய வீடு, பூசாத சுவர், கதவில்லாத பின்வாசல், யன்னலுக்குப் பதில் உரச்சாக்கு. பரப்பளவைக் கூட்டப் போய் அடிப்படையைக் குறைத்துக்கொண்ட கதை இது.

மக்கள்தான் தவறான பட்டியல் போடுகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அதைவிட மோசமான பட்டியல் அலுவலகத்தில் தயாரானது. 2016 இல் மீள்குடியேற்ற அமைச்சு 65,000 இரும்புப் பொருத்துவீடுகளை வடக்கு கிழக்குக்குக் கொண்டுவர முனைந்தது. ஆர்சலர் மிட்டல் நிறுவனத்தின் தயாரிப்பு. வீடொன்று ஏறத்தாழ 21 லட்சம் ரூபாய். அதே காலத்தில் கல்வீட்டுக்கு அரசு கொடுத்துவந்தது 8 லட்சம். வீட்டோடு தளபாடம், சூரிய மின்சாரம், தொலைக்காட்சி, வைஃபை எல்லாம் வரும் என்றார்கள். உடுவிலில் மாதிரி வீடுகளை நட்டுவைத்து ஆட்களைக் கூட்டிக் காட்டினார்கள். விறகு வைத்துச் சமைக்கும் மக்களுக்கான அந்த வீட்டில் புகைபோக்கி இல்லை. முறையான அத்திவாரம் இல்லை. பின்னால் ஓர் அறை சேர்க்க வேண்டுமானால் எந்த ஊர் மேசனுக்கும் கைவராத இரும்புத் தகடு. பொறியியலாளர்களும் பொருளியலாளர்களும் குறைகளை எடுத்துக்காட்டினார்கள், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு எதிர்த்தது, திட்டம் சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் கைவிடப்பட்டது. வைஃபை இருந்து புகைக்கூடு இல்லாத வீடு என்ற அந்த ஒரு படமே போதும், கட்டாயத்துக்கும் கவர்ச்சிக்கும் உள்ள தூரத்தைக் காட்ட. கடல் காற்றில் சைக்கிள் றிம்மே ஒரு வருடத்தில் துரு ஏறும் நாயாற்றில் அந்த வீடு எப்படி நின்றிருக்கும் என்பதை அமைச்சில் யாராவது யோசித்தார்களா என்பது தனிக் கேள்வி.

அப்படியானால் கட்டாயம் எது? பிறகு சேர்க்க முடியாதது எதுவோ அது. ரைல்ஸை மகள் வேலைக்குப் போன பிறகும் பதிக்கலாம். சிலிங்கைப் பத்து வருடம் கழித்தும் அடிக்கலாம். பூச்சு, நிறம், போட்டிக்கோ, இன்னோர் அறை, எல்லாவற்றுக்கும் நாளை உண்டு. தரையை உயர்த்த நாளை இல்லை. போட்ட அத்திவாரத்தை ஆழமாக்க முடியாது, தோண்டிய குழியை நகர்த்த முடியாது, சுவருக்குள் விடாத கம்பியைச் சுவர் எழும்பிய பிறகு செருக முடியாது. சிலி நாட்டின் இக்கிக்கே நகரில் 2004 அளவில் கட்டட வடிவமைப்பாளர் அலெஹாந்த்ரோ அரவேனா இதே கணக்கைத்தான் போட்டார். 93 குடும்பங்கள், குடும்பத்துக்கு 7,500 டொலர் அரச மானியம். அந்தக் காசுக்கு முழு வீடு வராது. அவர் பாதி வீடு கட்டினார். எந்தப் பாதி என்பதில்தான் சூட்சுமம் இருந்தது. கட்டமைப்பு, கூரை, குளியலறை, குசினி, படிக்கட்டு என்று ஒரு குடும்பம் தனியாகச் செய்ய முடியாத பாதியைக் கட்டிவிட்டு, அவர்களால் முடிந்த பாதிக்கு வெற்றிடம் விட்டார். 2016 இல் அவருக்குக் கட்டடக்கலையின் மிகப் பெரிய விருதான பிரிட்ஸ்கர் கிடைத்தது. அதே 2016 இல்தான் நமக்கு இரும்பு வீடு காட்டப்பட்டது.

நாயாற்றுக் கணக்குக்கு வருவோம். முதலில் தரை மட்டம். 550 சதுர அடி வீட்டின் தரையை ஓரடி உயர்த்த உள்ளே நிரப்ப வேண்டியது 550 கன அடி. அதாவது ஐந்தரைக் கியூப். உழவு இயந்திரப் பெட்டியில் ஒரு தடவைக்கு ஏறத்தாழ ஒரு கியூப் பிடிக்கும். ஐந்தாறு லோட் கிரவல், அதைச் சுற்றி ஓரடி அதிகமாக எழும்பும் அத்திவாரக் கட்டு, இடித்து இறுக்கும் கூலி. இவ்வளவுதான் வித்தியாசம். அறையொன்றின் நீளத்தில் மூன்றடியைக் குறைத்தால் இந்தச் செலவில் கணிசமான பங்கு கைக்கு வந்துவிடும். சுவர், கூரை, நிலம் எல்லாம் அதனோடு குறைகின்றன அல்லவா. ஓரடி போதுமா, இரண்டடி வேண்டுமா என்பதை வரைபடம் சொல்லாது, அயல் சொல்லும். 2018 மார்கழியிலும் புரெவியின்போதும் தண்ணீர் எந்த வேலிக்கால் வரை நின்றது என்பது அந்தக் குறிச்சியில் எல்லோருக்கும் தெரியும். அந்த அடையாளத்துக்கு மேலே ஓர் அடியாவது தரை இருக்க வேண்டும். உயரமான தரைக்கு ஏறப் படி வேண்டும் என்றால், படிக்குப் பக்கத்தில் ஒரு சரிவும் வேண்டும். போரில் காலையும் முள்ளந்தண்டையும் இழந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கும் மாவட்டம் இது. பொதுக் கட்டடங்களில் சரிவுப்பாதை வேண்டும் என்று 2006 இல் ஒழுங்குவிதி வந்தது. சொந்த வீட்டுக்கு அந்த விதி இல்லை, முதுமை மட்டும் எல்லா வீட்டுக்கும் வரும்.

அடுத்தது கூரை. புயல் கூரையை மேலிருந்து அழுத்தி உடைப்பதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. நம் வீடுகளில் கைமரம் சுவர்வளையில் ஆணியால் அறையப்படுகிறது. சுவர்வளையோ சுவர் தலையில் சாந்தை நம்பிக் குந்தியிருக்கிறது. காற்றுத் தூக்கினால் கைமரமும் வளையும் சேர்ந்தே எழும்பும். யன்னல் தலைமட்டத்தில் வீட்டைச் சுற்றி ஓடும் கொங்கிறீற் வளையம் ஒன்றும், அதிலிருந்து நான்கைந்து அடிக்கு ஒரு கம்பி மேலே வந்து சுவர்வளையை இறுக்கிப் பிடிப்பதும் இதற்கு மருந்து. தாழ்வாரத்தை நன்றாக நீட்டினால் வெயிலுக்கும் சாரலுக்கும் நல்லது, புயலுக்குக் கெட்டது. ஆகவே விறாந்தைக் கூரையைத் தாய்க்கூரையின் தொடர்ச்சியாகப் போடாமல் ஒருபடி தாழ்த்தித் தனியாகப் போடுவது புத்தி. கழன்றால் அது மட்டும் கழலும். கூரைக்கு என்ன போடுவது என்பதில் வன்னியின் நடைமுறை விடை அஸ்பெஸ்ரஸ் சீற். மலிவு, மரம் குறைவு, வேலை கெதி. எல்லா வகை அஸ்பெஸ்ரஸும் புற்றுநோய் தரக்கூடியது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கும் தூசிதான் எமன். இலங்கை 2018 முதல் அதன் இறக்குமதியைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில் இலங்கைத் தேயிலைப் பொதியொன்றில் வண்டு இருந்ததென்று ரஷ்யா தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்ரஸ் விற்கும் நாடும் ரஷ்யாதான். சில நாட்களில் கட்டுப்பாடு போனது, தேயிலை போய்ச் சேர்ந்தது. ஒரு வண்டு நம் கூரையைத் தீர்மானித்தது. ஓடு விலை கூடியதென்றாலும், பனை வைரத்தில் கைமரம் போட்டு ஓடு வேய்ந்த கூரை சூட்டிலும் உப்புக் காற்றிலும் நின்று காட்டியது. உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். ஓடு வாங்க முடியாதவர் சீற்றைப் போடட்டும், ஆனால் வெட்டும்போது நனைத்து வெட்டட்டும், பிள்ளைகளை அப்பால் அனுப்பட்டும்.

உப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு மிச்சம் என்று நினைத்துச் செய்யும் பிழை அங்கேதான் நடக்கிறது. வாசலிலேயே மணல் கிடக்கிறது, கிணற்றிலேயே தண்ணீர் இருக்கிறது. பிறகு தொலைவிலிருந்து ஆற்றுமணல் ஏற்றுவானேன் என்ற கேள்வி நியாயமாகத்தான் தோன்றும். கடற்கரை மணலிலும் உவர்க்கிணற்று நீரிலும் உள்ள உப்பு கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் தின்னும். கம்பி துருவேறினால் பருமன் கூடும். பருமன் கூடினால் கொங்கிறீற் வெடித்து உரிந்து விழும். ஏழெட்டு வருடத்தில் விறாந்தைத் தூணின் அடியில் நீளவாக்கில் ஒரு வெடிப்புத் தெரிந்தால் அதன் பொருள் இதுதான். அரசே கடலில் அள்ளிய மணலைக் கழுவித்தான் கட்டட வேலைக்கு விற்கிறது. கம்பி போகும் இடங்களுக்கு மட்டுமாவது ஆற்றுமணலும் நல்ல தண்ணீரும் என்ற கட்டுப்பாடு, தேக்கங்கதவைவிட முந்திப் பட்டியலில் ஏற வேண்டும்.

தண்ணீர் இங்கே தனி அத்தியாயம். மணலுக்குள் நன்னீர் கடல்நீரின் மேல் மெல்லிய ஆடையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். அதே மணல் மலசலகூடக் குழியிலிருந்து கசிவதையும் தடுக்காமல் கடத்தும். கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 50 அடி என்ற வழமையான கணக்கு, சிறு காணியில் வீட்டை நடுவில் வைத்துவிட்ட பிறகு எட்டாது. ஆகவே முதலில் நிலத்தில் குறிக்க வேண்டியது வீட்டை அல்ல. கிணற்றையும் குழியையும், பக்கத்து வளவுக்காரரின் கிணற்றையும் குழியையும் குறித்துவிட்டு, மிஞ்சும் இடத்தில் வீடு. குழாய்நீர் வரும்தானே என்று ஆறுதல் சொல்வோருக்கு ஒரு நினைவூட்டல்: 2023 ஜூன் மாதம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது மனித எலும்புகள்தான் முதலில் வந்தன. இந்த மண்ணில் எந்த வேலையும் நினைத்த நாளில் முடிவதில்லை. மழை மட்டும் தவறாமல் வருகிறது. 550 சதுர அடிக் கூரையில் மாரி முழுவதும் ஆயிரம் மில்லிமீற்றர் பெய்தால் ஐம்பதாயிரம் லீற்றர் விழும். அதில் எட்டாயிரம் லீற்றரை ஒரு தொட்டியில் பிடித்தால், குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு நாற்பது லீற்றர் எடுக்கும் குடும்பத்துக்கு இருநூறு நாள் ஓடும். தொட்டியைப் பிறகு கட்டலாம். ஆனால் கூரையின் தண்ணீர் ஒரு பக்கமாக வந்து பீலியில் விழும்படி கூரையை அமைப்பதும், தொட்டிக்கு ஒரு மூலையை விட்டுவைப்பதும் முதல் நாள் வேலை.

இனிக் குசினி. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கைக் குடும்பங்களில் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவை விறகில் சமைத்தன. வன்னியில் விறகை நம்பியிருப்பது இன்னும் அதிகம். 2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது எரிவாயுவுக்கு மாறியவர்களும் அடுப்புக் கல்லைத் தேடினார்கள். வீட்டுக்குள் புகையால் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ முப்பது லட்சம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அந்தப் புகையைத் தின்பவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. வரைபடத்தை மேசையில் விரித்துப் பேசும்போது பெரும்பாலும் அங்கே இல்லாதவரும் அவர்தான். அடுப்புக்கு மேலே ஒழுங்கான புகைக்கூடு, சோளகம் அடிக்கும் தென்மேற்குப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புகை போகும் வழி, நின்று சமைக்கும் உயரத்தில் அடுப்புமேடை, அதற்குக் கீழே மழைக்கு நனையாத விறகு இடம். கல்வீட்டோடு ஒட்டாமல் பின்னால் கிடுகுக் கொட்டிலில் சமைக்கும் வழக்கத்தைப் பழமை என்று தள்ளிவிட்டு, புகைக்கூடில்லாத குசினியை வீட்டுக்குள் கொண்டுவந்தது முன்னேற்றமல்ல. கொட்டிலே மேல்.

தொழிலையும் வீட்டுக்குள் எண்ண வேண்டும். 2018 ஆகஸ்டில் நாயாற்றுக் கரையில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் படகுகளும் வலைகளும் ஓர் இரவில் தீக்கிரையாயின. கரையில் விட்டுவைக்கும் பொருளுக்கு உத்தரவாதம் இல்லை என்பதை அதற்குப் பிறகு யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளியிணைப்பு எஞ்சினைத் தூக்கிவந்து பூட்டிவைக்க ஒரு பத்தி, வலையை விரித்துப் பொத்த நீளமான விறாந்தை, பூட்டும் கதவு: கடற்றொழில் குடும்பத்துக்கு இவை மண்டபத்தைவிட முக்கியம். அரச வரைபடங்களில் மண்டபம் எப்போதும் இருக்கிறது, பத்தி இருப்பதில்லை.

இதற்கெல்லாம் மறுப்பு உண்டு. வலுவான மறுப்பு சீதனம். தேசவழமையில் வளர்ந்த சமூகத்தில் வீடு என்பது மகளின் பெயருக்குப் போகும் சொத்து. மாப்பிள்ளை வீட்டார் வந்து பார்ப்பது ரைல்ஸையும் போட்டிக்கோவையும்தான், அத்திவாரத்துக்குள் எத்தனை லோட் கிரவல் போனதென்று கேட்பதில்லை. உண்மை. ஆனால் வெளிப்பூச்சுக்குச் சந்தையில் எப்போதும் இடம் உண்டு, கலியாணம் பேசும் ஆண்டிலும் அதைச் செய்யலாம். பத்து வருடம் முந்திப் பதித்த ரைல்ஸ் அப்போது பழசாகித்தான் இருக்கும். வெள்ளம் ஏறி இறங்கிய வீட்டின் சுவரில் முழங்கால் உயரத்தில் நிற்கும் மஞ்சள் கோட்டை எந்த நிறப்பூச்சும் இரண்டு மாரிக்கு மேல் மறைப்பதில்லை. வெளிநாட்டுக் காசில் கட்டுபவர்களின் வாதம் வேறு: காசு இருக்கிறது, தட்டு வீடாகவே போட்டுவிடலாம். கொங்கிறீற் தட்டு கோடையில் இரவு முழுவதும் சூட்டைக் கக்கும், உப்பு மணலில் குழைத்தால் சீக்கிரம் உரியும். இருந்தாலும் இந்த வாதத்தில் ஒரு பங்கு உண்மை உண்டு. கடலுக்கு இவ்வளவு கிட்ட, ஓர் அறைக்கு மட்டுமாவது தட்டுப் போட்டு மேலே ஏறப் படி வைப்பது, புயல் இரவில் குடும்பமும் காணி உறுதியும் ஒதுங்க ஓர் இடம் தரும். முழு வீட்டுக்கும் தட்டுப் போடும் காசில் நாலில் ஒரு பங்கு இதற்குப் போதும். மனையடி சாத்திரம் பார்ப்போர் வாசல் திசைக்காகக் குசினியைக் காற்றுக்கு எதிராகத் திருப்புவது உண்டு. சாத்திரம் சொல்லும் அக்கினி மூலை தென்கிழக்கு. சோளகம் தென்மேற்கிலிருந்து வருகிறது. புகை வீட்டுக்குள் திரும்பாமல் அந்த மூலையிலேயே குசினியை அமைக்கலாம். சாத்திரத்தோடு சண்டை பிடிக்க இங்கே அவசியமே இல்லை.

ஏழைக்கு இந்தக் கட்டாயங்களும் எட்டாதே என்பது கடைசி மறுப்பு. அதற்கு விடை கடந்த சில ஆண்டுகளிலேயே கிடக்கிறது. 2019 நவம்பரில் ஆட்சி மாறியதும் தேசிய வீடமைப்பு அதிகாரசபையின் மாதிரிக் கிராம வீடுகளுக்கான தவணைகள் நின்றன. வடக்கிலும் கிழக்கிலும் முதல் தவணையோடு அத்திவாரத்திலும் அரைச்சுவரிலும் நின்றுபோன வீடுகளுக்குப் பக்கத்தில் குடும்பங்கள் கொட்டிலில் இருந்தன. பின்னர் ஆயிரம் ரூபாய்க்கு விற்ற சீமெந்துப் பை 2022 இல் மூவாயிரத்தைத் தாண்டியது. தவணையை நம்பி ஐந்நூற்றைம்பது சதுர அடியையும் ஒரேயடியாகத் தொடங்கியவர் எங்கும் குடியிருக்க முடியாமல் போனார். உயர்ந்த தரையில் ஓர் அறை, குசினி, மலசலகூடம், முறையாகக் கட்டிய கூரை என்று முந்நூறு சதுர அடியை முதல் இரண்டு தவணையில் முடித்துக் குடிபுகுந்தவருக்கு மூன்றாம் தவணை வராவிட்டாலும் வீடு இருந்திருக்கும். தவணையை இன்றும் கட்டட மட்டத்துக்குத்தான் கொடுக்கிறார்கள்: அத்திவாரம், லின்டல், கூரை. குடியிருக்கத் தகுந்த பகுதிக்குக் கொடுப்பதாக அதை மாற்றினால், திட்டம் நின்றாலும் குடும்பம் தெருவில் நிற்காது. பிரதேச செயலகத்தின் தொழில்நுட்ப அலுவலர் முதல் தவணைக்குக் கையெழுத்து வைக்கும் முன் பார்க்க வேண்டியவை நான்குதான்: தரை மட்டம், கிணற்றுக்கும் குழிக்கும் தூரம், வளையக் கம்பி, புகைக்கூட்டுக்கு விட்ட இடம். இதற்குச் சட்டம் தேவையில்லை, அளவுநாடா போதும்.

இந்த ஆண்டு நாயாற்றுப் பக்கம் கட்ட இருப்பவர் மேசனிடம் கயிறு பிடிக்கச் சொல்லும் முன், அயலில் வெள்ளம் பார்த்த ஒருவரைக் கூட்டிவந்து தண்ணீர் நின்ற அடையாளத்தை ஒரு தடியில் குறித்து வளவில் நட்டுவிட வேண்டும். தரை அந்தக் குறிக்கு மேலே. ஐப்பசி பிறந்தால் மணல் லொறியும் வராது, கிரவலும் இறுகாது. அத்திவாரத்துக்குப் புரட்டாதி வரைதான் காலம்.